மசாலா டீ: பால் திரியாமல் போடுவது எப்படி?



உரம், விதை நேர்த்தி, பூச்சி மருந்து என்று பேச வேண்டிய ஆள் டீ போடுவதைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று நினைக்காதீர்கள். மார்கழி, தை மாதங்களில் பள்ளிபாளையம் பக்கம் காவிரிக் கரையோரமாக எந்த ஊருக்குப் போனாலும், ராத்திரியில் கரும்புக்குத் தண்ணீர் கட்டுகிறவர்களும், விடிய விடியத் தறி ஓட்டுகிறவர்களும், மஞ்சள் வேகவைக்க அடுப்புக் கூட்டி உட்கார்ந்திருப்பவர்களும் பனிக்கு இதமாக ஒரு டம்ளர் இஞ்சி டீயைத்தான் தேடுகிறார்கள். வீட்டுத் தாய்மார்கள் கேட்கும் கேள்வியும் ஊருக்கு ஊர் ஒன்றுதான்: "இஞ்சி தட்டிப் போட்டாலும் பால் திரிஞ்சு போகுது, வெல்லம் போட்டாலும் திரிஞ்சு போகுது. என்ன பண்றதுங்க?"

அரை லிட்டர் பால் திரிந்தால் சொசைட்டிக்கு ஊற்றிக் காசாக்க வேண்டியதைச் சாக்கடையில் ஊற்றின மாதிரிதான். ஆகவே முதலில் இதற்குக் காரணத்தைப் பார்த்துவிடுவோம்.

ஆட்டுக்கறி சீக்கிரம் வேகாவிட்டால் பப்பாளிக்காய்த் துண்டு ஒன்றைப் போடுவது உங்களுக்குத் தெரிந்ததுதான். பப்பாளிப் பாலில் புரதத்தை வெட்டுகிற நொதி ஒன்று இருக்கிறது. அதே வகையைச் சேர்ந்த நொதி பச்சை இஞ்சியிலும் உண்டு. பாலில் மிதக்கிற புரதத்தை அது வெட்டிவிட்டால், வெட்டுப்பட்ட புரதம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். சீனாவில் குவாங்டாங் பக்கத்தில் இதையே ஒரு பலகாரமாகச் செய்கிறார்கள். இஞ்சிச் சாற்றில் சூடான பாலை ஊற்றி, தயிர் மாதிரி உறைந்ததும் கரண்டியால் எடுத்துச் சாப்பிடுவார்கள். அவர்களுக்கு அது பலகாரம், நமக்கு நஷ்டம்!

இந்த நொதி நன்றாக வேலை செய்வது சுமார் 60 டிகிரி சூட்டில். ஆறின பாலில் இஞ்சியைப் போட்டு அடுப்பில் வைத்தால், பால் மெதுவாகச் சூடேறி அந்த 60 டிகிரியைத் தாண்டிப் போவதற்குள் காரியம் முடிந்துவிடும். ஆனால் கொதிக்கிற தண்ணீரில் இந்த நொதி உயிரிழந்துவிடும். அவித்த முட்டை குஞ்சு பொரிக்காது அல்லவா, அந்தக் கணக்குத்தான். இஞ்சியைத் தட்டி வெறும் தண்ணீரில் ஐந்து நிமிஷம் தளதளவென்று கொதிக்கவிட்டு, அதற்குப் பிறகு பாலைச் சேர்த்தால் பால் திரியாது.

வெல்லத்தின் கதை வேறு. அங்கே காரணம் புளிப்பு. பச்சைப் பாலில் புளிப்பு மிகக் குறைவு. சாயங்காலம் கறந்து காலை வரை வைத்த பாலில் அது ஏறியிருக்கும், நாக்குக்குத் தெரியாது. கரும்புச் சாறும் கொஞ்சம் புளிப்புத்தான். சாறு காய்ச்சும்போது அளவாகச் சுண்ணாம்பு சேர்த்து எடுத்த வெல்லத்தில் அது குறைந்துவிடும். மழைக்காலத்தில் ஈரம் வாங்கிக் கசிந்த வெல்லத்தில் கூடிவிடும். ஆறின பாலில் இந்தச் சிறு புளிப்பு ஒன்றும் செய்யாது. கொதிக்கிற பாலில் மட்டும் உடனே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் வெல்லமோ நாட்டுச் சர்க்கரையோ, பாத்திரத்தை இறக்கி, வடிகட்டி, கொதி அடங்கின பிறகுதான் சேர்க்க வேண்டும். வெல்லத்தைத் தனியாகக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டிக்கொள்வது இன்னும் நல்லது. மண்ணும் சக்கைத் தூளும் கீழே நின்றுவிடும். கண்ணைப் பறிக்கிற மஞ்சள் வெல்லத்தைவிடக் கருத்த வெல்லத்தையே வாங்குங்கள். வெளுப்புக்காக ஹைட்ரோஸ் போடும் பழக்கம் சில ஆலைகளில் உண்டு என்பது உங்களுக்கே தெரியும்.

இனி அளவு. நாலு டம்ளர் டீக்கு இரண்டே கால் டம்ளர் தண்ணீர், இரண்டே கால் டம்ளர் பால் எடுத்துக்கொள்ளுங்கள். கொதிக்கும்போது அரை டம்ளர் ஆவியாகப் போகும். கட்டைவிரலின் ஒரு கணு அளவு இஞ்சி, ஆறு மிளகு, இரண்டு கிராம்பு, நகமளவு பட்டை. இவற்றை நறநறவென்று தட்டித் தண்ணீரில் போட்டு ஐந்து நிமிஷம் கொதிக்கவிடுங்கள். மிளகு, கிராம்பின் எண்ணெய்ச் சத்து உள்ளே கெட்டியாக அடைபட்டிருப்பதால் அதற்கு இந்த நேரம் வேண்டும். ஏலக்காய் இதற்கு நேர்மாறு. அதன் வாசனை சீக்கிரம் பறந்துவிடும். இரண்டு ஏலக்காயைத் தட்டிக் கடைசியில் டீத்தூளோடு சேர்த்துப் போடுங்கள். தலை தட்டின நாலு தேக்கரண்டி டீத்தூள் போதும். ஒரு நிமிஷம், மிஞ்சினால் இரண்டு நிமிஷம். பக்கத்து அடுப்பில் தனியாகக் காய்ச்சி வைத்த பாலைச் சூட்டோடு ஊற்றி, ஒரு கொதி பொங்கி வந்ததும் இறக்கிவிடலாம்.

டீத்தூளைக் கால் மணி நேரம் காய்ச்சினால் ருசி ஏறும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நிறம் ஏறும், துவர்ப்பு ஏறும், அவ்வளவுதான். நீலகிரியிலிருந்து நமக்கு வருகிற தூள் பெரும்பாலும் இயந்திரத்தில் நசுக்கி, கிழித்து, சுருட்டித் தயாரிக்கிற வகை. 1930-களில் அசாமில் வந்த முறை இது. அந்தச் சிறு குருணையில் உள்ள சாரம் தண்ணீரில் உடனே இறங்கிவிடும்.

பட்டையில் ஒரு எச்சரிக்கை. கடையில் மலிவாகக் கிடைக்கிற தடித்த, சொரசொரப்பான பட்டையில் கூமரின் என்ற பொருள் உண்டு. தினமும் நிறையச் சேர்ந்தால் அது கல்லீரலுக்கு ஆகாது. நகமளவு என்று சொன்னதற்கு அதுதான் காரணம். மிளகுக்கு நீங்கள் தூரம் போக வேண்டியதில்லை, கொல்லிமலை மிளகும் ஏற்காட்டு மிளகும் நம் சந்தைக்கே வருகின்றன.

இஞ்சி கிடைக்காத நாளில் சுக்கு போடலாம். ஆனால் கால் தேக்கரண்டித் தூளுக்கு மேல் வேண்டாம். இஞ்சி காயும்போது அதிலுள்ள காரப்பொருள் மாறி இன்னும் உறைப்பான வேறொரு பொருளாகிவிடுகிறது.

"நம்ம மஞ்சளைப் போடலாமுங்களா?" என்று கேட்பீர்கள். டீயில் அது ருசிக்காது. பாலில் போடுங்கள், கூட இரண்டு மிளகைத் தட்டிப் போடுங்கள். மிளகு சேர்ந்தால்தான் மஞ்சளின் சத்தை உடம்பு நன்றாக எடுத்துக்கொள்ளும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சள் ஆற்றுக்கு அக்கரையில் விற்பனையாகிறது, இக்கரையில் நீங்களே விளைவிக்கிறீர்கள். அப்படியிருக்க, பாக்கெட் தூள் வாங்குவானேன்? சாயம் கலந்த தூளும், ஈயம் சேர்ந்த பளபளப்பு மஞ்சளும் நாட்டில் பிடிபட்டிருக்கின்றன. மெருகு போடாத கிழங்கில் இரண்டு கிலோவை வீட்டுக்கென்று ஒதுக்கி அரைத்து வையுங்கள்.

இந்த டீ குடித்ததும் உடம்பு சூடேறுகிறதே, அது நிஜமான சூடா? தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் பெரிய மாற்றம் தெரியாது. நம் நாக்கிலும் தோலிலும் உள்ள நரம்பு முனைகளில் சூட்டை உணரும் வாயில் ஒன்று இருக்கிறது. மிளகாயின் காரமும் அதே வாயிலைத்தான் திறக்கிறது என்பதை டேவிட் ஜூலியஸ் என்ற விஞ்ஞானி 1997-இல் கண்டறிந்தார். 2021-இல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற இருவரில் அவர் ஒருவர். மிளகும் இஞ்சியும் இதே வாயிலைத் தட்டுகின்றன. மூளைக்குச் "சூடு" என்று சேதி போகிறது. ஆகவே டீ குடித்தாச்சு என்று துண்டை மட்டும் போர்த்திக்கொண்டு மடை மாற்றப் போகாதீர்கள், கம்பளியை எடுத்துக்கொண்டு போங்கள். மூன்று நாளாகியும் காய்ச்சல் விடாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். டீ மருந்தாகாது.

இனி சொல்லப் போவதைத் தாய்மார்கள் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும். டீயின் துவர்ப்புப் பொருள், சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. கம்பங்கூழ், ராகிக் களி, முருங்கைக்கீரை இவற்றிலுள்ள இரும்புச் சத்து, சாப்பாட்டோடு டீ குடித்தால் பாதிக்கு மேல் வீணாகிவிடும். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை இருக்கிறது என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. காலைப் பலகாரத்துக்குப் பதில் ஒரு டீயும் இரண்டு வர்க்கியும் என்று தறிக்குப் போகிற பெண்களை நான் தினமும் பார்க்கிறேன். கர்ப்பிணிகள் சிலர், நர்ஸம்மா கொடுக்கிற சத்து மாத்திரையையே டீயில் விழுங்குகிறார்கள். அந்த மாத்திரை போட்டும் பெரிதாகப் பலனில்லாமல் போய்விடும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து டீ குடியுங்கள், மாத்திரையைத் தண்ணீரில் விழுங்குங்கள். கூட ஒரு நெல்லிக்காய் தின்றால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும். சிறு குழந்தைகளுக்கு டீயே வேண்டாம், பால் இருக்கிறது. குடல்புண் உள்ளவர்கள் மிளகையும் சுக்கையும் விட்டுவிடுங்கள்.

டீத்தூளிலும் கலப்படம் உண்டு. கடைகளில் காய்ச்சி எறிந்த சக்கையை உலர்த்திச் சாயம் ஏற்றி விற்கிறார்கள். வெள்ளை உறிஞ்சுதாளை நனைத்து அதன்மேல் ஒரு சிட்டிகைத் தூளைத் தூவுங்கள். தூவின உடனே காவி நிறம் படர்ந்து ஓடினால் அது சாயம். நல்ல தூள் அவ்வளவு சீக்கிரம் நிறம் விடாது. கிராம்பைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். எண்ணெய் எடுத்துவிட்ட சக்கைக் கிராம்பு மேலே மிதக்கும்.

தினமும் தட்டிப் போட நேரமில்லாதவர்கள் பொடியாக இடித்து வைக்கலாம். சுக்கு 50 கிராம், மிளகு 20 கிராம், ஏலக்காய் 10 கிராம், கிராம்பு 5 கிராம், பட்டை 5 கிராம். நல்ல வெயிலில் ஒரு நாள் காயவைத்து இடித்துச் சலித்து, மூடி இறுக்கமான கண்ணாடிப் பாட்டிலில் போடுங்கள். நாலு டம்ளருக்கு அரைத் தேக்கரண்டி போதும், அதையும் முதலில் தண்ணீரில்தான் கொதிக்கவிட வேண்டும். பாட்டிலை அடுப்புக்கு மேல் பலகையில் வைக்காதீர்கள், ஆவியில் கட்டி தட்டிவிடும். ஈரக் கரண்டி பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். அப்படிப் பிடித்த பொடியைக் கழித்துக்கட்டிவிட்டுப் புதிதாக இடித்துக்கொள்ளுங்கள்.