சிலம்பக் கூடம் நடத்துறது அவ்வளவு லேசா?



பொங்கல் விழாவில் நான் கம்பு சுத்தியதைப் பார்த்துவிட்டு நிறைய பேர் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான். “உங்க மாமாவுக்கு இதுல நல்ல வருமானமா?” ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை. மாமாவின் சிலம்பக் கூடத்தில் வருகைப் பதிவும் கணக்கு நோட்டும் எழுதுவது நான். ஆகவே இதில் உள்ளதெல்லாம் நான் கண்ணால் பார்த்தது.

முதலில் சிலம்பத்தைப் பற்றிக் கொஞ்சம். சிலம்புதல் என்றால் ஒலித்தல். கம்பு சுழலும்போது ‘விர்’ரென்று வரும் சத்தத்தால் இந்தப் பெயர் வந்தது என்பார்கள். நாம் நின்றால் நம் நெற்றி உயரத்துக்குக் கம்பு இருக்க வேண்டும். கம்பு தவிர மான்கொம்பு, சுருள்வாள், வேல்கம்பு என்று இன்னும் பல உண்டு. எம்.ஜி.ஆர். சிலம்பம் தெரிந்தவர், படங்களில் கம்புச் சண்டை போட்டிருக்கிறார். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. முதலமைச்சர் கோப்பைப் போட்டியிலும் சிலம்பம் உண்டு. இவ்வளவு பெருமை இருந்தும் ஒரு சின்னக் கூடம் நடத்துவதற்குள் ஏன் மூச்சு முட்டுகிறது? ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

1. காலடிப் பிரச்சினை

புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோருக்கும் முதல் நாளே கம்பைச் சுழற்ற வேண்டும், ரெண்டாம் நாள் தீப்பந்தம் சுத்த வேண்டும். மாமாவோ முதல் மூணு மாதம் காலடி வரிசைதான் போட வைப்பார். முன்னால் ஒரு அடி, பின்னால் ஒரு அடி, திரும்பு, மறுபடி. கால் சரியாக வைக்காதவன் கம்பு சுத்தினால் தன் முழங்காலையே அடித்துக்கொள்வான். இது அனுபவத்தில் தெரிந்தது, என் முழங்காலைக் கேளுங்கள்!

ஆனால் சின்னப் பிள்ளைகளுக்குப் பொறுமை இருக்காது. பத்து பேர் சேர்ந்தால் மூணாம் மாதம் நாலு பேர்தான் நிற்பார்கள். “மொதல்லயே ரெண்டு அலங்கார வீச்சு சொல்லிக்குடுத்தா நிப்பாங்கல்ல மாமா?” என்று கேட்டேன். “நிப்பாங்க. கால்தான் நிக்காது” என்றார். கூட்டம் வேண்டுமென்றால் வித்தை குறையும், வித்தை வேண்டுமென்றால் கூட்டம் குறையும். ரெண்டுக்கும் நடுவில்தான் வாத்தியார் நிற்கிறார்.

2. கணக்கு நோட்டு சொல்வது

போன ஜூலை மாதப் பக்கத்தை அப்படியே தருகிறேன். பதிவில் 28 பேர். மாதக் கட்டணம் 200 ரூபாய். அதில் 6 பேரிடம் மாமா காசு வாங்குவதில்லை. வீட்டு நிலைமை தெரியும், “அவங்கள்ட்ட கேக்காத” என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். மீதி 22 பேரில் அந்த மாதம் கட்டியவர்கள் 13 பேர். வரவு 2,600 ரூபாய்.

செலவு: இட வாடகை 1,500. கரண்டுக்கு 250. உடைந்த கம்புக்குப் பதில் நாலு புதுக் கம்பு, ஒன்று 120 வீதம் 480. மொத்தம் 2,230.

மிச்சம் 370 ரூபாய். ஒரு மாத உழைப்புக்கு வாத்தியாருக்குக் கிடைத்தது இதுதான். இதில் போட்டிக்குக் கூட்டிப்போகும் பஸ் செலவு சேரவில்லை. அதனால் மாமா பகலில் பெயிண்ட் அடிக்கப் போகிறார். கையில் சுண்ணாம்போடு நேரே கூடத்துக்கு வந்து விளக்கைப் போடுவார்.

3. “சர்டிபிகேட் கிடைக்குமா?”

சேர்க்க வரும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இது. ஸ்போர்ட்ஸ் கோட்டா பற்றிக் கேள்விப்பட்டு வருகிறார்கள், அதில் தப்பில்லை. ஆனால் எல்லாச் சான்றிதழும் ஒன்றல்ல. யார் நடத்தும் போட்டி, அரசு அதை ஏற்கிறதா என்று விசாரிக்க வேண்டும். ஒரு முறை நாங்கள் தலைக்கு 500 ரூபாய் கட்டி ஒரு போட்டிக்குப் போனோம். மதியத்துக்குள் கலந்துகொண்ட எல்லோருக்கும் கோப்பை! தோற்றவனுக்கும் முதல் பரிசு. திரும்பி வரும்போது பஸ்ஸில் யாருமே பேசவில்லை. அதற்குப் பிறகு மாமா அந்த மாதிரிப் போட்டிக்கு அனுப்புவதில்லை. அதனாலேயே ரெண்டு பேர் வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள்.

4. நான் செய்த தப்பு

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் இந்தக் கட்டுரை முழுசாகாது.

போன ஆகஸ்டில் ஒரு நாள் மாமாவுக்கு வெளியூரில் வேலை. “காலடி மட்டும் போடுங்க, யாரும் கம்பு மோதக்கூடாது” என்று சொல்லிச் சாவியை என்னிடம் கொடுத்தார். அரை மணி நேரம் காலடி போட்டோம். பிறகு போர் அடித்தது. தொடுமுறை ஆடலாம் என்று நான்தான் சொன்னேன். தொடுமுறை என்றால் எதிராளியின் உடம்பைக் கம்பால் தொட்டுப் புள்ளி எடுப்பது. தலைக்கவசம் போட்டுத்தான் ஆட வேண்டும். கூடத்தில் இருந்த கவசம் ஒன்றே ஒன்று. அதையும் போடவில்லை. என் கம்பு என் தோழியின் இடது புருவத்துக்கு மேலே பட்டது. நாலு தையல். அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் கண்.

மாமா ராத்திரியே அவள் வீட்டுக்குப் போனார். நானும் போனேன். அவள் அம்மா என்னைத் திட்டுவார் என்று பயந்து நின்றேன். மாமா முந்திக்கொண்டு, “தப்பு என்னோடதுதான்க்கா. ஆள் இல்லாம கூடத்தைத் திறந்துவிட்டது நான்தான்” என்றார். எனக்கு அது திட்டு வாங்கினதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த வாரம் 9 பேர் வரவில்லை. 28 என்பது 19 ஆனது. மாமா வேலைக்குப் போகாவிட்டால் கூடத்துக்கு வாடகை கிடையாது. வேலைக்குப் போனால் கூடத்தில் ஆள் கிடையாது. சின்னக் கூடங்களின் உண்மையான சிக்கல் இதுதான் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

இப்போது எங்களுக்கு மூணு சட்டம். வாத்தியார் இல்லாத நாள் விடுமுறை. கவசம் இல்லாமல் தொடுமுறை இல்லை. கம்பு அறைச் சாவி மாமா இடுப்பில். பெயிண்ட் வேலைக் கூலியில் ரெண்டு கவசமும் வாங்கிவிட்டார். தோழி அக்டோபரில் திரும்பி வந்தாள். அவள் அம்மாவும் கூடவே வந்து ஓரமாக உட்கார்ந்து பூக் கட்டுவார். அவரைப் பார்த்து இன்னொரு அம்மாவும் மகளை அனுப்பினார். இன்றைக்குப் பதிவில் 21 பேர்.

5. இடம்

இப்போது பெரிய கவலை இதுதான். நாங்கள் பயிற்சி செய்யும் காலி மனையில் உரிமையாளர் வீடு கட்டப் போகிறார். மார்ச் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். அவர் மேல் குறை சொல்ல முடியாது, அவர் நிலம். ஆனால் சிலம்பத்துக்கு மாடி அறை போதாது. ஒருவர் கம்பு வீசவே நாலு பக்கமும் இடம் வேண்டும், மேலே ஃபேன் இருக்கக் கூடாது. தெருவில் ஆடினால் வண்டி வரும்.

நம் பள்ளி மைதானத்தின் வேப்பமரப் பக்கத்தை மாலை 6 மணி முதல் 7.30 வரை தர முடியுமா என்று மாமா தலைமையாசிரியருக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். வாடகை மிச்சமானால் நம் பள்ளி மாணவர்களுக்குக் கட்டணம் இல்லை என்றும் எழுதியிருக்கிறார். முடிவு இன்னும் தெரியவில்லை.

நண்பர்களே, சிலம்பமோ கராத்தேயோ எதில் சேர்ந்தாலும் சேரும் முன் மூணு விஷயம் பாருங்கள். வாத்தியார் வகுப்பு முழுக்கக் கூடவே நிற்கிறாரா? தலைக்கவசம் இருக்கிறதா? அடிப்படையைச் சொல்லித்தர நாள் எடுத்துக்கொள்கிறாரா? மூணுக்கும் ஆமாம் என்றால் தைரியமாகச் சேருங்கள். சேர்ந்த பிறகு மாதக் கட்டணத்தை 5ஆம் தேதிக்குள் கொடுத்துவிடுங்கள். நோட்டு எழுதுகிறவள் சொல்கிறேன், வாத்தியார்கள் வாய் திறந்து கேட்க மாட்டார்கள்.



— 10ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி