மூவெட் தேர்வு: பெரியக்காவின் நோட்டு போதுமா?

பல்கலைக்கழக நுழைவு குறித்து நாங்கள் நடத்திய கலந்துரையாடலில் தொலைபேசி மணி ஓயவே இல்லை. தொலைக்காட்சியில் நேரம் நம் கையில் இருப்பதில்லை. விளம்பர இடைவேளை வந்துவிட்டதால் பாதியில் நின்றுபோன ஒரு கேள்விக்கு இந்தப் பக்கத்தில் முழுமையாகப் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

அழைத்தவர் ஆறாம் படிவம் பயிலும் ஒரு மாணவி. "அக்கா, மூவெட்டுக்கு எங்க பெரியக்கா நோட்டை வச்சுத்தான் படிக்கிறேன். அவங்க 2016ல பேண்ட் 4 எடுத்தாங்க. தினமும் ஒரு கிராஃப் பார்த்து ரிப்போர்ட் எழுதிப் பழகுறேன். அது போதுமா?" என்று கேட்டார். அரங்கில் என் பக்கத்தில் இருந்த ஆறாம் படிவ ஆசிரியை பதில் சொல்லாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். காரணம், அந்தப் பிள்ளை தினமும் சிரத்தையோடு பழகிவந்த ரிப்போர்ட் கேள்வி 2021ஆம் ஆண்டிலிருந்து தேர்வில் இல்லை.

மூவெட் எனப்படும் மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வை மலேசியத் தேர்வு மன்றம் 1999ஆம் ஆண்டு முதல் நடத்தி வருகிறது. நம் நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்புக்கு விண்ணப்பம் செய்யும் எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன், டிப்ளோமா மாணவர்கள் இதில் பேண்ட் காட்ட வேண்டும். எத்தனை பேண்ட் தேவை என்பது துறைக்குத் துறை மாறும். சட்டம், மருத்துவம் போன்ற துறைகள் கூடுதலாக எதிர்பார்க்கும். மற்றப் பாடங்களில் நல்ல புள்ளிகள் பெற்றும், மூவெட்டில் அரை பேண்ட் குறைந்ததால் விரும்பிய துறைக்கு விண்ணப்பம் போட முடியாமல் நிற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அன்று அழைத்த பெற்றோர்களில் பலர் அதைச் சொல்லித்தான் வருந்தினார்கள்.

சரி, 2021இல் என்ன மாறியது? தேர்வு, சி.இ.எஃப்.ஆர். எனப்படும் ஐரோப்பிய மொழித்தரக் கட்டமைப்புக்கு ஏற்பத் திருத்தப்பட்டது. பேண்ட் அளவு முன்பு 1 முதல் 6 வரை இருந்தது. இப்போது 1 முதல் 5+ வரை, நடுவே 2.5, 3.5, 4.5 என்று அரை பேண்டுகளும் உண்டு. ஆகவே, 'அண்ணன் பேண்ட் 5 எடுத்தான், நீ ஏன் 4?' என்று வீட்டில் ஒப்பிடுவதற்கு முன் இருவரும் எந்த ஆண்டில் எழுதினார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே அளவுகோல் அல்ல.

பேண்டைவிடப் பெரிய மாற்றம் புள்ளிப் பங்கீட்டில்தான் இருக்கிறது. பழைய தேர்வின் மொத்தம் 300 புள்ளிகள். அதில் வாசிப்புக்கு 120, எழுத்துக்கு 90, கேட்டலுக்கும் பேச்சுக்கும் தலா 45. புதிய தேர்வின் மொத்தம் 360. நான்கு தாள்களுக்கும் சரிசமமாகத் தலா 90. கேட்பதற்கு ஏதோ கணக்கு விவகாரம் போல இருக்கும். ஆனால் நம் பிள்ளைகளில் பலருக்கு இது நேராகப் பாதிப்பைத் தருகிறது.

ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். நன்றாக வாசிப்பார், ஆனால் வாய் திறந்து பேசக் கூச்சப்படுவார். பழைய முறையில் வாசிப்பில் 120க்கு 100, எழுத்தில் 90க்கு 50, கேட்டலில் 45க்கு 25, பேச்சில் 45க்கு 20 எடுத்தால் மொத்தம் 195. அதாவது நூற்றுக்கு 65. அதே திறமையோடு புதிய முறையில் எழுதினால் வாசிப்பு 75, எழுத்து 50, கேட்டல் 50, பேச்சு 40. மொத்தம் 360க்கு 215. நூற்றுக்கு 60கூட வரவில்லை. பிள்ளை மாறவில்லை, வாசிப்பைக் காட்டி மற்றதைச் சமாளித்த காலம்தான் போய்விட்டது.

வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், ஆங்கிலம் ஆங்கிலப் பாட நேரத்தில் மட்டும் என்று வளரும் நம் பிள்ளைகளுக்குப் பேச்சுத் தாள்தான் பயம். இந்தத் தாளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் சொல்ல உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். கேமரா முன்னால் நிமிடங்களை எண்ணிப் பேசுவது என் தொழில். முதல் பகுதியில் மாணவர் தலைப்பைப் படித்து இரண்டு நிமிடம் தயார் செய்து, இரண்டு நிமிடம் தனியாகப் பேச வேண்டும். இரண்டு நிமிடம் என்பது எழுதிப் பார்த்தால் ஏறக்குறைய 250 சொற்கள். பதற்றத்தில் பேசுகிறவர் அதை ஒரு நிமிடத்தில் கொட்டிவிட்டு, மீதி நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கே முதல் நேரலையில் அப்படி நடந்திருக்கிறது.

மனப்பாட முன்னுரையை விட்டுவிடுங்கள். 'குட் மார்னிங்' தொடங்கி, தலைப்பை ஒரு முறை திரும்பச் சொல்லி, நன்றி சொல்லி முடிப்பதற்குள் அரை நிமிடம் போய்விடும். என் கருத்து இது, காரணம் ஒன்று, காரணம் இரண்டு, நான் கண்ட ஓர் உதாரணம். இவ்வளவு இருந்தால் இரண்டு நிமிடம் நிறையும். தினமும் ஒரு தலைப்பு எடுத்துக் கைப்பேசியில் பதிவு செய்து, பிறகு கேளுங்கள். கேட்கும்போது வெட்கமாகத்தான் இருக்கும். ஒரு வாரத்தில் அது போய்விடும். எந்த இடத்தில் 'அம்... அம்...' என்று இழுக்கிறோம் என்பதும் தெரிந்துவிடும்.

இரண்டாவது பகுதி குழுக் கலந்துரையாடல். இங்கே நம் பிள்ளைகளுக்கு வேறு ஒரு சிக்கல். மற்றவர் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்று சொல்லித்தான் வளர்த்திருக்கிறோம். அதனால் தன் முறை வரும் என்று காத்திருந்து, கடைசியில் ஒரு வாக்கியத்தோடு வெளியே வருகிற மாணவர்கள் உண்டு. அடுத்தவர் சொன்னதை ஏற்றோ மறுத்தோ தொடர்வது மரியாதைக் குறைவல்ல, தேர்வில் பார்ப்பதே அதைத்தான். இதற்கு நண்பர்கள் மூன்று பேர் போதும். பள்ளி முடிந்து கேண்டீனில் உட்கார்ந்து வாரம் இரண்டு முறை பத்து நிமிடம் பேசினால், டியூஷனில் நாற்பது பேரோடு உட்கார்ந்திருப்பதைவிடப் பலன் தரும் என்பது என் கருத்து.

எழுத்துத் தாளில் இப்போது முதல் கேள்வி மின்னஞ்சல் அல்லது கடிதத்துக்குப் பதில் எழுதுவது. குறைந்தது 100 சொற்கள். கடிதத்தின் ஓரத்தில் சில குறிப்புகள் தந்திருப்பார்கள். அவை அனைத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். ஒன்றை விட்டாலும் புள்ளி குறையும். யாருக்கு எழுதுகிறோம் என்பதையும் பாருங்கள். தோழிக்கு எழுதும் நடையும் மேலதிகாரிக்கு எழுதும் நடையும் ஒன்றல்ல. இரண்டாவது கேள்வி கருத்துக் கட்டுரை. குறைந்தது 250 சொற்கள். மொத்த நேரம் 75 நிமிடம். முதல் கேள்விக்கு 25, இரண்டாவதற்கு 50 என்று பிரித்துக்கொள்வது நல்லது.

வாசிப்புத் தாளும் 75 நிமிடம்தான், ஆனால் 40 கேள்விகள். பத்தியிலிருந்து எடுக்கப்பட்ட வாக்கியங்களை மீண்டும் உரிய இடத்தில் பொருத்தும் பகுதி ஒன்று இருக்கிறது. பழைய புத்தகத்தில் அது கிடைக்காது. கேட்டல் தாள் 50 நிமிடம், 30 கேள்விகள். இதற்குத் தனிப் பாடம் தேவையில்லை. தினமும் ஆங்கில வானொலிச் செய்தியைக் கேட்டு, கேட்டதை இரண்டு வரியில் எழுதிப் பாருங்கள்.

'பேண்ட் 5 உறுதி' என்று விளம்பரம் செய்யும் வகுப்புக்கு நூற்றுக்கணக்கான ரிங்கிட் கட்டலாமா என்று ஒரு தந்தை கேட்டார். கட்டுவதற்கு முன், அவர்கள் தரும் பயிற்சித் தாளை ஒரு முறை வாங்கிப் பாருங்கள் ஐயா. அதில் கிராஃப் பார்த்து ரிப்போர்ட் எழுதச் சொல்லியிருந்தால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். புதிய தேர்வின் விவரக் கையேட்டைத் தேர்வு மன்றமே வெளியிட்டிருக்கிறது. ஆறாம் படிவ ஆசிரியர்களிடம் கேட்டாலும் காட்டுவார்கள். தேர்வு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் நடப்பதும் அல்ல. முதல் முறை பேண்ட் குறைந்தால் மீண்டும் எழுதலாம். ஆகவே விண்ணப்பக் காலத்துக்கு நெருக்கமாக முதல் முயற்சியை வைத்துக்கொள்ளாமல், ஒரு தவணை முன்னதாகவே எழுதிவிடச் சொல்லுங்கள்.

அந்த மாணவிக்கு ஒரு சொல். பெரியக்காவின் நோட்டைத் தூக்கி எறிய வேண்டாம் அம்மா. அதிலுள்ள கட்டுரைத் தலைப்புகளையும் சொல் பட்டியலையும் இன்றும் பயன்படுத்தலாம். பேச்சுத் தலைப்புகள் இருந்தால் அவையும் உதவும். ரிப்போர்ட் பக்கங்களை மட்டும் மடித்து வைத்துவிட்டு, இன்று இரவு உங்கள் பெரியக்காவுக்கே ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். திருத்தி அனுப்பச் சொல்லுங்கள்.