ஸ்லைடில் அட்டவணை: தெரிவதும் மறைவதும்

கோலார் தங்கவயலில் சுரங்கங்களை நடத்திவந்த பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று பணியை நிறுத்தியது. அதன்பின் மைசூர் மைன்ஸ் போன்ற பகுதிகளில் சிறுதொழில் தொடங்க முனைந்தோருக்கும், மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூரு அலுவலகங்களுக்குச் செல்வோருக்கும் பொதுவான தேவை ஒன்று உண்டு. வரவு செலவுக் கணக்கைப் பிறர் முன் தெளிவாக எடுத்துவைப்பதே அது.

தையலகம் தொடங்கக் கடன் கோரும் ஒருவர், எக்செல் அட்டவணையைப் பவர்பாயிண்ட் ஸ்லைடில் பதித்துக் கொண்டுவருகிறார் எனக் கொள்வோம். திரையில் கடைசி இரு வரிசைகள் வெட்டுப்பட்டால், மறைபவை மொத்தத் தொகையும் மாதத் தவணையுமாக இருக்கக்கூடும். முடிவெடுப்பவர் முதலில் தேடுவதோ அவற்றைத்தான்.

ஸ்லைடில் நாம் காண்பது அட்டவணையின் படம் மட்டுமே. அதன் பின்னே எக்செல் கோப்பு முழுவதும் இருக்கிறது. இதனை அறிந்தால் பெரும்பாலான சிக்கல்களுக்கு வழி புலப்படும்.

வரிசைகள் மறைந்தால்

படத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் எழுத்துகள் நீண்டு சிதையுமே தவிர, மறைந்த வரிசை தெரியாது. அட்டவணையை இருமுறை சொடுக்கித் திறந்து, உள்ளே தோன்றும் கட்டத்தின் ஓரங்களை வேண்டிய வரிசை வரை இழுக்க வேண்டும். முதல் வரிசை மேலே இருப்பதை உறுதிசெய்தபின் வெளியே சொடுக்கி மூடலாம். அளவை மாற்ற மூலையைப் பிடித்து இழுப்பதே நன்று.

எண்ணுக்குப் பதில் குறிகள் தெரிந்தால்

தொகை இருக்க வேண்டிய இடத்தில் ஹேஷ் குறிகள் வரிசையாகத் தோன்றினால், பெரும்பாலும் கட்டத்தின் அகலம் போதவில்லை என்பதே பொருள். தலைப்பெழுத்துகளுக்கு இடையிலுள்ள கோட்டை இருமுறை சொடுக்கினால் அகலம் தானே சரியாகும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய தமிழ், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். யூனிகோடு தமிழில் தட்டுவதே பாதுகாப்பு.

பழைய தொகை தெரிந்தால்

அட்டவணையைப் பதிக்காமல் இணைப்பாக மட்டும் வைத்திருந்தால், ஸ்லைடு கோப்பை மட்டும் பென்டிரைவில் எடுத்துச்செல்லும்போது இணைப்பு அறுந்துவிடும். திருத்திய தொகை வராமல் பழையதே நிற்கும். இரு கோப்புகளையும் ஒரே ஃபோல்டரில் எடுத்துச்சென்று, அங்கே இணைப்பைப் புதுப்பிக்க வேண்டும்.

மறைத்தது வெளிப்பட்டால்

இதுவே கவலைக்குரியது. ஸ்லைடு கோப்பைப் பெறுபவர் அட்டவணையை இருமுறை சொடுக்கினால், அடுத்த தாள்களில் உள்ள கணக்கு எண்களும் சம்பள விவரங்களும் அவர் கண்ணில் படலாம். 2008 செப்டம்பரில், திவாலான லேமன் பிரதர்ஸின் சொத்துகளைப் பார்க்லேஸ் வாங்க முன்வந்தபோது, ஏற்கவேண்டிய ஒப்பந்தங்களின் எக்செல் பட்டியலில் வேண்டாத வரிசைகள் நீக்கப்படாமல் மறைக்கப்பட்டு மட்டும் இருந்தன. வழக்கறிஞர் அலுவலகத்தில் அது பிடிஎஃப் ஆக மாற்றப்பட்டபோது அவை வெளிப்பட்டு, 179 ஒப்பந்தங்கள் நீதிமன்ற ஆவணத்தில் இடம்பெற்றுவிட்டன. அதனைத் திருத்த மீண்டும் நீதிமன்றத்தை அணுக வேண்டியதாயிற்று.

ஆகவே, வேண்டிய பகுதியை மட்டும் நகலெடுத்து, ஸ்லைடில் படமாக ஒட்டுவது நலம். கணக்குகளை மறைப்பது நீக்குவதாகாது. அனுப்புமுன் வேறொரு கணினியில் ஒருமுறை திறந்து, மொத்தத் தொகையும் தவணையும் முழுமையாகத் தெரிகின்றனவா, அட்டவணையைச் சொடுக்கினால் வேறெதுவும் திறக்கிறதா எனப் பார்த்துவிடுவோம்.