வண்டி கிளம்பவில்லையா? முதலில் காது கொடுத்துக் கேளுங்கள்

2005-இல் டாடா ஏஸ் வந்தபின் வாடகை டெம்போவுக்குக் காத்திருந்த காலம் போய், செஞ்சியில் பல மண்டி வாசல்களில் சொந்தக் குட்டி யானை நிற்கிறது. திண்டிவனத்துக்கோ திருவண்ணாமலைக்கோ இரவே சரக்கேற்றி வைத்து, விடியற்காலையில் சாவியைத் திருகினால் வண்டி கிளம்பவில்லை. அன்று முகூர்த்த நாளாகவும் இருந்துவிட்டால் கல்யாண வீட்டுக்கு நாம் என்ன பதில் சொல்வது?

பதற்றத்தில் திரும்பத் திரும்பத் திருகுகிறோம். மிச்சமிருக்கும் சார்ஜும் அதில் போய்விடுகிறது. பத்து வினாடிக்கு மேல் ஒரேயடியாகத் திருகக் கூடாது. அரை நிமிடமாவது ஆறவிட வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டார் புகைந்தால் செலவு வேறு கணக்கு.

'டக் டக்' என்று மட்டும் கேட்கிறதா, இஞ்சின் முனகிச் சுற்றுகிறதா, விளக்கு மங்குகிறதா? பெரும்பாலும் கோளாறு பேட்டரிப் பக்கம்தான். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா பாருங்கள். மைனஸ் வயரை முதலில் கழற்றிவிட்டு, நம் கடையிலேயே இருக்கும் ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றினால் பொங்கி வந்துவிடும். பேட்டரி மூடிகள் இறுக மூடியிருக்க வேண்டும். சோடா உள்ளே போனால் ஆசிட் கெட்டுவிடும். துடைத்து, இறுக்கி, வாசலின் தடவுங்கள். மைனஸ் வயரைக் கடைசியில் மாட்டுங்கள். வண்டி ஓடாமல் நிற்கையில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏற்றியே ஆக வேண்டும். மலைப்பாறை இரவிலும் அனல் வீசும் நம் ஊரில் பேட்டரிக்கு வெயில்தான் எமன். தண்ணீர் ஊற்றும் வகையானால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே, கிணற்றுத் தண்ணீர் வேண்டாம்.

பக்கத்துக் கடை வண்டியிலிருந்து கேபிள் போடுவதானால், பிளஸ்ஸுக்குப் பிளஸ் கொடுங்கள். நல்ல பேட்டரியின் மைனஸைக் கிளம்பாத வண்டியின் இஞ்சின் இரும்பில் கொடுங்கள். பேட்டரி மேலேயே கொடுத்தால் பொறி பறந்து, அங்கு கசியும் வாயு வெடிக்கலாம். பீடியோடு நிற்பவரைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். பிளஸ் மைனஸ் மாறினால் இன்றைய வண்டிகளில் எலக்ட்ரானிக் பெட்டியே போய்விடும். அம்பாசிடருக்கு ஹேண்டில் போட்டுச் சுற்றிய காலத்தில் இந்தக் கவலை இருந்ததில்லை.

விளக்கு பளிச்சென்று எரிந்தும் சத்தமே இல்லையா? சில வண்டிகள் கிளட்சை முழுதும் மிதித்தால்தான் சுற்றும். அதையும் பார்த்தாயிற்று என்றால் ஸ்டார்ட்டர் பக்கம் போக வேண்டும். சாவிப் படம் மின்னினால் மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள்.

இஞ்சின் விறுவிறுவென்று சுற்றியும் பிடிக்கவில்லையானால் டீசலைத்தான் பார்க்க வேண்டும். டாங்கி காலியாகிக் காற்று புகுந்திருக்கலாம், ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்திருக்கலாம். பழைய வண்டியில் கைப்பம்பை அடித்துக் காற்றை வெளியேற்றலாம். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் மட்டும் குழாய் நட்டில் ஸ்பானர் வைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

மெக்கானிக்குக்குப் போன் செய்யும்போது 'வண்டி ஓடவில்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள். 'சுற்றுகிறது, பிடிக்கவில்லை' என்றோ 'டக்கென்று நிற்கிறது' என்றோ சொன்னால், ஃபில்டரோடு வருவதா பேட்டரியோடு வருவதா என்று தெரிந்து ஒரே நடையில் வந்து சேருவார்.