தாத்தா ரேடியோவுக்கு என்ன வயசு?

இப்ப என் முன்னாடி மேஜையில ஒரு பிலிப்ஸ் வால்வு ரேடியோ இருக்கு. ஸ்விட்சைப் போட்டா உடனே பாடாது. வால்வு சூடாக அரை நிமிஷம் எடுத்துக்கும், லேசா உறுமும், அப்புறம்தான் குரல் வரும். லால்குடியில இருக்கற எங்க பெரியப்பா போன பொங்கலுக்கு இதை என்கிட்ட குடுத்தாரு.

கூடவே ஒரு கதையும். எங்க குடும்பத்துல எல்லாருக்கும் அது மனப்பாடம். 1947 ஆகஸ்ட் 14 ராத்திரி தாத்தா இந்த ரேடியோவைத் திண்ணையில கொண்டுவந்து வெச்சாராம். தெருவே கூடி நின்னு நேரு பேச்சைக் கேட்டுச்சாம். பெரியப்பாவுக்கு அப்ப ஆறு வயசு. "இருட்டுல அந்தப் பச்சைக் கண்ணு மட்டும் மின்னிக்கிட்டே இருந்துச்சுடா"ன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லுவாரு. "1947னு பித்தளைத் தகட்டுல பொறிச்சு இதுல மாட்டிடு"ன்னு எனக்கு ஒரு வேலையும் குடுத்தாரு.

தகடு செய்யக் குடுக்கறதுக்கு முன்னாடி ஒருதடவை பார்த்துடலாம்னு பின்பக்க அட்டையைக் கழட்டினேன். (நீங்க கழட்டறதா இருந்தா ஒண்ணு: உள்ள 250 வோல்ட் வரைக்கும் ஓடும். பிளக்கைப் பிடுங்கின அப்புறமும் பெரிய கண்டென்சர்ல மின்சாரம் தேங்கி நிக்கும். தெரிஞ்சவங்க பக்கத்துல இல்லாம கை வைக்காதீங்க.)

எல்லாரும் முதல்ல தேடறது சீரியல் நம்பரைத்தான். எனக்கும் அதே ஆசை. நம்பரை கூகுள்ல போட்டா வருஷம் வந்துடும்னு நினைப்போம். வராது. சீரியல் நம்பர்ங்கறது வரிசை, தேதி கிடையாது. எந்த நம்பர் எந்த மாசம் வெளிய போச்சுன்னு கம்பெனி பதிவேடு கையில இருந்தாத்தான் அது தேதியா மாறும். அது இல்லாதப்போ நமக்கு இருக்கற ஒரே வழி, அதே மாடல்ல தேதி தெரிஞ்ச இன்னொரு செட்டைத் தேடறது. என் நண்பர் ஒருத்தர்கிட்ட இதே மாடல் இருக்கு, 1959-ல வாங்கின கடை ரசீதோட. அவரோடதைவிட என்னோட நம்பர் கொஞ்சம் சின்னது. அப்ப இது அதுக்கு முன்னாடி செஞ்சதா இருக்கணும். எவ்வளவு முன்னாடி? அதை நம்பர் சொல்லாது. இன்னொண்ணு, அட்டையில இருக்கற நம்பரும் சேசிஸ்ல இருக்கற நம்பரும் ஒண்ணான்னு பாருங்க. ரிப்பேர் கடையில அட்டை மாறிப் போறது சகஜம். என்னோடது ஒத்துப்போச்சு.

அடுத்து வால்வு. ஸ்பீக்கரை ஓட்டற அவுட்புட் வால்வுல பாரத் எலக்ட்ரானிக்ஸ் முத்திரை இருந்துச்சு. பெங்களூர்ல அவங்க ரேடியோ வால்வு செய்ய ஆரம்பிச்சதே 1961-ல. அப்ப ரேடியோவும் அறுபதுகளோடதா? இங்கதான் நிறைய பேர் வழுக்கி விழறாங்க. வால்வு பல்பு மாதிரி, போனா மாத்திடுவாங்க. அதுலயும் அவுட்புட் வால்வு ரொம்ப சூடாகும், சீக்கிரம் தேயும். அதனால வால்வை நம்பாம, அது உட்கார்ற சாக்கெட்டைப் பாருங்க. சாக்கெட்டை யாரும் சும்மா மாத்த மாட்டாங்க. எட்டு முள் கொண்ட, பெரிய அடிப்பாகம் வெச்ச ஆக்டல் வால்வு 1935-ல வந்தது. நாப்பதுகளோட செட்டுல அதை நிறைய பார்க்கலாம். என் ரேடியோவுல இருக்கறது எல்லாமே ஒன்பது முள் சாக்கெட், சின்னக் கண்ணாடி வால்வுக்கானது. பெட்டிக்கு உள்ள ஒட்டியிருந்த காகிதத்துல எந்த இடத்துல எந்த வால்வுன்னு அச்சடிச்சிருந்தாங்க. அவுட்புட் இடத்துல ஈஎல்84. அந்த வால்வு சந்தைக்கு வந்ததே 1953-ல.

அங்கேயே எனக்குத் தகடு போச்சு. 1947-ல இல்லாத வால்வுக்காக 1947-ல யாரும் ரேடியோ செஞ்சிருக்க முடியாது.

மத்த வால்வுல ஒண்ணு மல்லார்டு. அடிப்பக்கக் கண்ணாடியில மங்கலா நாலு எழுத்து: பி-8-டி-2. லென்ஸ் வெச்சு, டார்ச்சைச் சாய்ச்சு அடிச்சாத்தான் தெரியும். பி-ன்னா இங்கிலாந்துல இருக்கற பிளாக்பர்ன் தொழிற்சாலை. 8 வருஷத்தோட கடைசி இலக்கம். டி நாலாவது எழுத்து, அதாவது ஏப்ரல். 2 இரண்டாவது வாரம். படிச்சதும் ஒரு சந்தோஷம் வரும் பாருங்க, அது தனி! ஆனா 1958-ஆ, 1968-ஆன்னு அந்த ஒத்தை இலக்கம் சொல்லாது. அதுக்குத் துணை வேணும். ஃபில்டர் கண்டென்சரோட அலுமினிய டப்பாவுல '58'ன்னு முத்திரை இருந்துச்சு. அதோட பற்றவைப்பு மத்த இடங்கள் மாதிரியே ஒரே பளபளப்பு, அதே தூசு. பின்னாடி மாத்தினதா இருந்தா ஈயம் தனியாத் தெரிஞ்சிருக்கும்.

கடைசியா, அலமாரியில இருந்து ரேடியோ லைசென்ஸ் புத்தகம் கிடைச்சது. உங்கள்ல பலருக்கு இது புதுசா இருக்கும்: அந்தக் காலத்துல வீட்டுல ரேடியோ வெச்சிருந்தா வருஷா வருஷம் தபால் ஆபீஸ்ல பணம் கட்டணும். எண்பதுகள்லதான் அதை எடுத்தாங்க. எங்க புத்தகத்துல முதல் முத்திரை 1959 ஜனவரி. 1958-ல செஞ்ச செட்டு, அந்த வருஷக் கடைசியிலயோ அடுத்த ஜனவரியிலயோ வீட்டுக்கு வந்திருக்கு. அதைவிடத் துல்லியமா நான் சொல்ல மாட்டேன்.

இதைப் பெரியப்பாகிட்ட எப்படிச் சொல்றது? ரெண்டு வாரம் தள்ளிப் போட்டேன். அப்புறம் ஒருநாள் ரேடியோவோட முகத்தைத் துடைச்சிக்கிட்டு இருந்தப்பத்தான் உறைச்சது. இதுல பச்சைக் கண்ணே கிடையாது. ஸ்டேஷன் சரியா விழுந்தா சுருங்கற அந்த மேஜிக் ஐ வால்வு இதுல இல்ல, அதுக்கான ஓட்டையும் இல்ல. ஆனா மேஜிக் ஐ 1935-லயே வந்தாச்சு. 1947-ல ஒரு திண்ணையில அது மின்னியிருக்கலாம்.

போன் பண்ணிச் சொன்னேன். ரொம்ப நேரம் பேச்சே இல்ல.

"அப்ப அது எங்க வீட்டுத் திண்ணைதானா?"ன்னு கேட்டாரு. எனக்கு எப்படித் தெரியும் பெரியப்பா, நீங்கதானே இருந்தீங்கன்னேன். கொஞ்சம் யோசிச்சுட்டு, எதிர் வீட்டு டாக்டர் வீட்டுத் திண்ணை உயரமா இருக்கும், ஏறும்போது முட்டி இடிச்ச ஞாபகம் இருக்குன்னாரு. அடுத்த மாசம் லால்குடி போறேன், அந்த வீடு இன்னும் இருக்கான்னு பார்க்க.