மெத்தனால்: வேலைக்கு உதவும், குடித்தால் கொல்லும்

உப்பைத் தண்ணீரில் போட்டால் கரைகிறது. சர்க்கரையும் கரைகிறது. அரக்கு கரையுமா? கரையாது. எவ்வளவு நேரம் கலக்கினாலும் அடியிலேயே கிடக்கும்.

நாற்காலி, மேசைக்கு மெருகு போடுகிறவர்களுக்கு அரக்கைக் கரைக்க வேண்டும். அதற்கு ஸ்பிரிட் வாங்குகிறார்கள். ஸ்பிரிட்டில் அரக்கு கரைந்துவிடும். மரத்தில் பூசியதும் ஸ்பிரிட் ஆவியாகப் போய்விடும். அரக்கு மட்டும் பளபளப்பாக மரத்தில் நிற்கும்.

இப்படி ஒரு பொருளைக் கரைக்கும் திரவத்துக்குக் கரைப்பான் என்று பெயர். தண்ணீரும் ஒரு கரைப்பான்தான். தொழிற்சாலைகளில் வேறு பல கரைப்பான்கள் உண்டு. அவற்றில் ஒன்று மெத்தனால். மெத்தில் ஆல்கஹால் என்றும் சொல்வார்கள். அதைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

மெத்தனால் எப்படி இருக்கும்?

மெத்தனாலுக்கு நிறம் கிடையாது. பார்க்கத் தண்ணீர் போல இருக்கும். தண்ணீரோடு நன்றாகக் கலந்துவிடும். தண்ணீர் 100 டிகிரி சூட்டில் கொதிக்கிறது. மெத்தனால் 65 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்து வைத்தால் விரைவில் ஆவியாகும். அந்த ஆவி சுலபமாகத் தீப்பிடிக்கும். அதன் தீ வெளிர் நீலமாக இருக்கும். பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே சரியாகத் தெரியாது.

எதற்குப் பயன்படுகிறது?

முன்காலத்தில் மரத்தை மூடிய பாத்திரத்தில் வைத்துச் சூடாக்கி மெத்தனால் எடுத்தார்கள். இப்போது இயற்கை வாயு, நிலக்கரி ஆகியவற்றிலிருந்து தயாரிக்கிறார்கள். அஸ்ஸாம் மாநிலம் நாம்ரூப்பில் இயற்கை வாயுவிலிருந்து மெத்தனால் தயாராகிறது. ஆனாலும் நம் நாட்டுக்குத் தேவையானதில் பெரும்பகுதி வெளிநாடுகளிலிருந்துதான் வருகிறது.

பெயின்ட், வார்னிஷ், மருந்து ஆகியவை செய்யும் தொழிற்சாலைகளுக்கு மெத்தனால் வேண்டும். ஒட்டுப்பலகைக்கான பசை செய்யவும் இது தேவைப்படுகிறது. மெத்தனால் இல்லாவிட்டால் பல தொழில்கள் நின்றுபோகும்.

குடித்தால் என்ன ஆகும்?

மதுவில் இருப்பது எத்தனால். அதுவும் உடம்புக்குக் கெடுதல்தான். மெத்தனாலோ கொடிய விஷம். ஆனால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். வாசனையும் ஏறக்குறைய ஒன்றுதான். கண்ணால் பார்த்தோ, முகர்ந்தோ, நாக்கில் வைத்தோ வேறுபாடு கண்டுபிடிக்க முடியாது. கொளுத்தினால் நீலமாக எரிகிறதா என்று சிலர் பார்ப்பார்கள். இரண்டுமே நீலமாகத்தான் எரியும். அந்தச் சோதனையை நம்பக் கூடாது.

மெத்தனால் உடம்புக்குள் போனதும் ஈரல் அதை மாற்றத் தொடங்குகிறது. முடிவில் அது ஃபார்மிக் அமிலம் ஆகிறது. சில எறும்புகளின் விஷத்தில் இருப்பதும் இந்த அமிலம்தான். இது இரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும். கண்ணையும் மூளையையும் இணைக்கும் நரம்பைக் கெடுக்கும். 10 மில்லி, அதாவது இரண்டு சிறு கரண்டி அளவு, கண் பார்வையைப் பறித்துவிடக் கூடும். 30 மில்லி உயிரையே பறிக்கக் கூடும்.

இதில் ஓர் ஏமாற்று இருக்கிறது. குடித்தவுடன் வெறும் போதை மட்டுமே தெரியும். ஈரல் அமிலத்தை உண்டாக்க நேரம் ஆகும். அதனால் 12 மணி முதல் 24 மணி நேரம் வரை ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். எத்தனாலும் கலந்திருந்தால் இன்னும் தாமதமாகும். "நேற்றுக் குடித்தேன், நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று இருந்துவிடுவார்கள். அதற்குள் விஷம் தன் வேலையைச் செய்துவிடும்.

பிறகு தலைவலி, தலைசுற்றல், வாந்தி, வயிற்றுவலி வரும். பார்வை பனிமூட்டம் போல மங்கும். மூச்சு வேகமாக வாங்கும்.

சாராயத்தில் எப்படி வருகிறது?

மெத்தனால் விலை குறைவு. கள்ளச்சாராயம் விற்பவர்கள் இலாபத்துக்காக அதைக் கலக்கிறார்கள். 2011 டிசம்பரில் மேற்கு வங்காளத்தில் சங்கராம்பூர் பகுதியில் 170 பேருக்கு மேல் இறந்தார்கள். 2022 ஜூலையில் குஜராத்தில் போட்டாட் பகுதியில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே விற்ற மெத்தனால் ஒரு தொழிற்சாலையின் சரக்கிலிருந்து திருடப்பட்டது என்று போலீசார் கூறினார்கள். 2024 ஜூனில் தமிழ்நாட்டில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடம் கூலி வேலை செய்து பிழைத்தவர்கள்.

குடித்துவிட்டால் என்ன செய்வது?

உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். 108-க்குப் போன் செய்யுங்கள். மோர், எலுமிச்சைச் சாறு எதுவும் இந்த விஷத்தை முறிக்காது. வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது.

ஈரல் மெத்தனாலை அமிலமாக மாற்றாமல் தடுக்க மருந்து இருக்கிறது. இரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் என்ற சிகிச்சையும் இருக்கிறது. சீக்கிரம் போனால் உயிரையும் கண்ணையும் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். சேர்ந்து குடித்த எல்லோரும் போக வேண்டும். "எனக்கு ஒன்றுமில்லை" என்பவரும் போக வேண்டும். போலீசுக்குப் பயந்து மறைக்காதீர்கள். என்ன குடித்தார், எப்போது குடித்தார் என்று டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள்.

வேலை செய்பவர்கள் கவனத்துக்கு

மெத்தனால் வாய் வழியாக மட்டும் உடம்புக்குள் போவதில்லை. மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் போகும். ஆகவே, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள். ரசாயனம் உள்ளே புகாத கையுறை போடுங்கள். பக்கத்தில் பீடி, அடுப்பு, தீப்பொறி கூடாது. டிரம்மிலிருந்து எடுக்கக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள். துணியில் கொட்டினால் உடனே கழற்றிவிட்டு உடம்பைக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரால் 15 நிமிடம் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள்.

தண்ணீர் பாட்டிலில் மெத்தனாலை ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தில் ஒருவர் எடுத்துக் குடித்துவிடலாம். குழந்தையும் குடித்துவிடலாம். மெத்தனால் இருக்கும் கேனில் பெயர் எழுதாமல் இருந்தால், ஒரு தாளை எடுத்துப் பெரிய எழுத்தில் நீங்களே எழுதி ஒட்டுங்கள்:

மெத்தனால். விஷம். குடிக்காதே.

படிக்கத் தெரியாத தோழர்களுக்கு அதைப் படித்துக் காட்டுங்கள்.