அம்மாவை ஒப்படைக்கும் முன்னே...

லயன் வீட்டைக் காலி செய்து கொடுத்து வருடங்கள் பல ஆகிவிட்டன. மகனுக்குப் பினாங்கில் தொழிற்சாலை வேலை, மருமகளுக்கும் ஷிப்டு. பேரப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். அம்மாவுக்கோ போன தீபாவளிக்குப் பிறகு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் பார்த்து, மருந்து கொடுத்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பகலெல்லாம் பக்கத்தில் யார் இருப்பது? பாகான் செராயிலும் சுற்று வட்டாரத்திலும் இந்தக் கேள்வி நுழையாத வீடு குறைவு. வாசகர்களே, உங்கள் வீட்டிலும் நுழைந்திருக்கலாம்.

"பெற்ற தாயை இல்லத்தில் தள்ளிவிட்டான்" என்று ஊர் பேசும். பேசட்டும். இரவு மூன்று மணிக்கு எழுந்து அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்க ஊர் வராது. பகல் முழுதும் தனியாகப் பூட்டிய வீட்டில் கிடப்பதைவிட, நல்ல இல்லம் ஒன்று மேலானது என்பது என் எண்ணம். ஆனால் அது நல்ல இல்லமாக இருக்க வேண்டுமே!

தோட்டம் இருந்த காலத்தில் இதற்கெல்லாம் வழி வேறு. லயனில் ஒரு பாட்டி காலையில் கதவு திறக்கவில்லை என்றால், பெரட்டு முடிவதற்குள் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிடுவாள். கஞ்சி வைத்தால் ஒரு மங்கு அந்தப் பக்கமும் போகும். அந்த எட்டிப் பார்க்கும் கண் இல்லத்திலும் வேண்டும். அது எதை, எப்போது பார்க்க வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம். நம் நாட்டில் 1993-ஆம் ஆண்டு பராமரிப்பு மையச் சட்டம் இருக்கிறது. நான்கு பேர் அல்லது அதற்கு மேல் தங்கவைத்துப் பராமரிக்கும் எந்த வீடும் சமூகநல இலாகாவில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுக்கு முன்னால் தீயணைப்புப் படை, சுகாதார இலாகா, நகராண்மை ஆகியோரின் ஒப்புதலும் தேவை. நோயாளிகளுக்குத் தாதியர் வைத்து வைத்தியப் பராமரிப்பு செய்யும் இல்லமானால், அது 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சுகாதார அமைச்சின் லைசென்சு பெற வேண்டும். ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி, "பதிவுச் சான்றிதழ் எங்கே?" என்பது. நல்ல இல்லத்தார் கோபிக்க மாட்டார்கள், சுவரைக் காட்டுவார்கள். "போட்டிருக்கிறோம், இன்னும் வரவில்லை" என்றால், நம்பி மூட்டையை இறக்காதீர்கள். கிரியான் மாவட்டக் கெபாஜிக்கான் அலுவலகத்தில் ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்ளுங்கள். கேட்க காசு இல்லை.

(யாருமே இல்லாத, ஆனால் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளக்கூடிய அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அரசாங்கத்தின் ருமா ஸ்ரீ கெனாங்கான் உண்டு. பேராக்கில் தைப்பிங்கிலும் தஞ்சோங் ரம்புத்தானிலும் இருக்கிறது. அதற்கும் அதே அலுவலகத்தில்தான் மனு.)

சான்றிதழ் இருந்துவிட்டால் எல்லாம் சரியா? அங்கேதான் ஏமாறுகிறோம். 1922-ஆம் ஆண்டு இந்தியக் குடியேற்றச் சட்டத்தை ஒட்டி, மலாயாவுக்கு இந்திய அரசாங்கத்தின் ஏஜெண்டு ஒருவர் வந்தார். தோட்டம் தோட்டமாகப் போய் லயன்களையும் ஆஸ்பத்திரியையும் பார்ப்பது அவர் வேலைகளில் ஒன்று. அவர் வரும் நாள் தெரிந்துவிட்டால் லயனுக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள் என்று என் பாட்டி சொல்லிச் சிரிப்பார். நாள் சொல்லிவிட்டு வந்தவருக்குத் தெரிந்தது சுண்ணாம்புதான்.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. அயர்லாந்து நாட்டில், டப்ளினுக்கு வடக்கே லீஸ் கிராஸ் என்றொரு முதியோர் இல்லம் இருந்தது. சுகாதார அதிகாரிகள் வந்து பார்த்துப் போன இல்லம்தான். 2005-ஆம் ஆண்டு மே மாதம் தொலைக்காட்சிக்காரர்கள் மறைத்து வைத்த காமிராவில் எடுத்த காட்சிகளை ஒளிபரப்பினார்கள். நாடே திடுக்கிட்டது. அதே ஆண்டு இல்லம் மூடப்பட்டது. பிறகு நடந்த ஆய்வில் பெரிதாகப் பேசப்பட்டவற்றில் ஒன்று படுக்கைப்புண். அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான், 2007-இல் தனி ஆணையம் அமைத்து, 2009 முதல் எல்லா இல்லங்களுக்கும், சொல்லாமல் கொள்ளாமலும் கூட, சோதனைக்குப் போக ஆரம்பித்தார்கள்.

நீங்களும் அப்படியே போங்கள். முதல் தடவை சொல்லிவிட்டுப் போங்கள், அது மரியாதை. இரண்டாம் தடவை சொல்லாமல் போங்கள். ஞாயிறு காலை பத்து மணி வேண்டாம். அப்போது எல்லோரும் குளித்து, பவுடர் பூசி உட்கார்ந்திருப்பார்கள். மாலை ஐந்தரை, ஆறு மணிக்குப் போங்கள். பகல் ஆள் போய் இரவு ஆள் வரும் நேரம். அப்போது தெரியும், எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்று.

உள்ளே நுழைந்ததும் மூக்குக்கு வேலை கொடுங்கள். ஒரு மூலையில் சிறுநீர் வாடை வந்தால் யாருக்கோ இப்போதுதான் ஆயிற்று என்று விடலாம். வீடு முழுக்க வாடை என்றால் அது நேற்றைய ஈரம். மருந்து வாடை மட்டும் மூக்கைத் துளைத்தாலும் சந்தேகப்படுங்கள். பிறகு தண்ணீர். கட்டிலில் கிடப்பவரின் கை எட்டும் தூரத்தில் குவளை இருக்கிறதா? ஜன்னலோர மேசையில் இருக்கும் தண்ணீர் கால் விளங்காதவருக்கு ஆற்றுத் தண்ணீர் மாதிரி. நகத்தைப் பாருங்கள், பல்லைப் பாருங்கள். யாராவது "அக்கா" என்றோ "நர்ஸ்" என்றோ கூப்பிட்டால் எத்தனை நிமிடத்தில் ஆள் வருகிறது என்று மனதுக்குள் எண்ணுங்கள்.

சாப்பாட்டு வேளையில் நின்று பார்ப்பது மிக நல்லது. ஊட்டுகிறவர் உட்கார்ந்து ஊட்டுகிறாரா, நின்றுகொண்டு அவசரமாகத் திணிக்கிறாரா? படுத்த நிலையில் ஊட்டினால் சோறு மூச்சுக்குழாய்க்குப் போகும்; நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வருவது பல சமயம் அப்படித்தான். மாட்டிறைச்சி சாப்பிடாதவர், வெள்ளிக்கிழமை சைவம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். எழுபது வருடப் பழக்கத்தை ஒரு கட்டிலுக்காக விடச் சொல்வது நியாயமில்லை.

மொழி ஒரு பெரிய சங்கதி. பராமரிக்கும் பிள்ளைகளில் பலர் வெளிநாட்டார். நல்ல பிள்ளைகளாகவே இருப்பார்கள். ஆனால் அம்மா "வயிறு வலிக்குது" என்றால் அவர்களுக்குப் புரியாது. தண்ணீர், வலி, பசி, கக்கூசு, குளிர் ஆகிய சொற்களைத் தமிழ் ஓசையில் ரூமி எழுத்தில் எழுதி, மலாயில் பொருள் போட்டு, கட்டில் தலைமாட்டில் ஒட்டிவிடுங்கள். சின்ன வேலைதான், பெரிய உபகாரம்.

கதவையும் பாருங்கள். சாதாரண வரிசை வீட்டை இல்லமாக்கியிருந்தால் ஜன்னலெல்லாம் இரும்புக் கம்பி, வாசலில் பூட்டு. இரவில் சாவி யாரிடம்? 2017 செப்டம்பரில் கோலாலம்பூர் டத்தோ கிராமாட்டில் ஒரு சமயப் பள்ளி விடுதி தீப்பிடித்து 23 பேர் மாண்டார்கள், ஜன்னல்களில் கம்பி. ஓடக்கூடிய வயதுப் பிள்ளைகளுக்கே அந்தக் கதி.

இனி, முக்கியமானது. என் சொந்தச் சின்னம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பது வருடம் மரம் சீவியவர். வடக்கே ஒரு பட்டணத்தில் இருந்த இல்லத்தில் சேர்த்திருந்தோம். பளபளக்கும் தரை, வாசலில் மீன் தொட்டி, பிளாஸ்டிக் பூ. ஞாயிறு தவறாமல் போவோம், பத்து மணிக்கு. சின்னம்மா சுத்தமாக இருப்பார். பேச்சு மட்டும் குறைந்துகொண்டே வந்தது. "வயசாச்சு" என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம்.

ஒரு புதன்கிழமை வேறு வேலையாக அந்தப் பக்கம் போன நான், சாயங்காலம் எட்டிப் பார்த்தேன். விரிப்பு ஈரமாக இருந்தது. மாற்றலாம் என்று அவரை ஒருக்களித்துப் பார்த்தால், முதுகின் கீழே, வால் எலும்பு இருக்கும் இடத்தில், ஒரு வெள்ளி நாணயத்தைவிடப் பெரிய புண். ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, "இது நேற்று வந்ததல்ல" என்றார். வாரா வாரம் போன நாங்கள் ஒரு தடவைகூட சேலையை விலக்கிப் பார்த்ததில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

ஆகவே சொல்கிறேன், வெட்கப்படாமல் பாருங்கள். அம்மாவின் முதுகடி, இடுப்பின் இரு பக்கம், குதிகால், முழங்கை, தோள்பட்டை. தோல் சிவந்தோ கறுத்தோ இருந்தால் விரலால் அழுத்துங்கள். அழுத்தியதும் வெளுத்துப் பிறகு நிறம் திரும்பினால் கவலை குறைவு. அழுத்தியும் மாறாமல் அப்படியே இருந்தால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நம் கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. தொட்டுப் பார்த்தால் சூடும் கெட்டித்தனமும் தெரியும். புரள முடியாதவரை சுமார் இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைப்பது பழைய வழக்கம். "புரட்டிய நேரத்தை எழுதி வைக்கிறீர்களா?" என்று கேளுங்கள். மாதம் ஒரு தடவை எடை போடுகிறார்களா என்றும் கேளுங்கள். மணிக்கட்டில் கயிற்றுத் தழும்பு இருக்கிறதா, பகலெல்லாம் தூங்கி வழிகிறாரா, அப்படியானால் என்ன மாத்திரை, யார் எழுதிக் கொடுத்தது என்பதையும் விடாதீர்கள்.

குறை கண்டால் முதலில் பொறுப்பாளரிடம் தன்மையாகச் சொல்லுங்கள். ஆள் பற்றாக்குறையில் அவர்களும் திண்டாடுகிறார்கள். தேதி போட்டு எழுதி வையுங்கள், புண்ணைப் படம் எடுங்கள். திருந்தவில்லை என்றால் கெபாஜிக்கான் அலுவலகம், அல்லது 15999 என்ற தாலியான் காசே தொலைபேசி. அதிகாரிகளுக்கு இல்லத்தினுள் நுழைந்து சோதிக்கச் சட்டத்தில் உரிமை உண்டு. "புகார் செய்தால் அம்மாவை இன்னும் மோசமாக நடத்துவார்களே" என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் வந்துவிட்ட இடத்தில் அம்மாவை ஏன் வைத்திருக்க வேண்டும்?

சின்னம்மாவை வேறு இல்லத்துக்கு மாற்றினோம். சாயம் உரிந்த பழைய பலகை வீடு. மீன் தொட்டி கிடையாது. அதை நடத்தும் அம்மாள் கட்டிலுக்கு மேலே ஒரு அட்டை மாட்டியிருந்தார். இடது பக்கம், வலது பக்கம், மணி, கையெழுத்து. புண் ஆற ஐந்து மாதம் பிடித்தது. ஆறிய பிறகு நான் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் போனபோது, சின்னம்மா திண்டில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, தேத்தண்ணியில் சீனி போதவில்லை என்று என்னிடம் புகார் சொன்னார். அவருக்கு இருபது வருடமாக இனிப்புநீர்.